பிறவியும் வைப்பும்: கருப்பூரம் காட்டும் உண்மை

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நெடுங்காலம் பழுதுற்றிருந்த திருக்கோயில் அன்பர் பலருடைய பொருளாலும் உழைப்பாலும் புதுப்பொலிவு பெற்று, குட நன்னீராட்டுக் காணும் நன்னாள் இது. திருவுருவங்களைப் பீடத்தில் அசைவின்றி நிறுத்தும் அட்டபந்தனம் சாத்தப்பெற்றதை அன்பர்கள் கண்டு வணங்கினார்கள். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களை இடித்து இடித்து ஒரு பதத்திற்குக் கொணர்ந்து சாத்துவது அச்சடங்கு. இவ்வெட்டனுள் சாதிலிங்கம் என்னும் செம்பொருள் இன்றைய சொற்பொழிவுக்குத் தோற்றுவாயாக அமைகின்றது.

சாதிலிங்கம் நிலத்துள் சுரங்கத்திலும் கிடைக்கின்றது. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அடுப்பேற்றி மனிதர் செய்வதும் உண்டு. சுரங்கத்தில் கிடைப்பது உயர்ந்தது, அடுப்பில் செய்வது தாழ்ந்தது என்று கருதுவார் உளர். இக்கருத்து சாதிலிங்கத்தோடு நில்லாது கருப்பூரம், சந்தனம், குங்குமம், மருந்து, உணவு என அனைத்தின்மேலும் படர்ந்துள்ளது. "ஆலையில் செய்த கருப்பூரம் பூசைக்கு ஆகுமா? மரத்தில் விளைந்த கருப்பூரம் என்று கூறிப் பன்மடங்கு விலை கேட்கின்றார்களே, அதனைத்தான் வாங்கித் தரல் வேண்டுமா?" என்று கட்டளைதாரர்கள் வினவுகின்றார்கள். வினா எளியது போலத் தோன்றினும், அதனுள் பொருளியல்பு பற்றிய ஆழ்ந்த ஆராய்ச்சி அடங்கியுள்ளது. அறநெறி பற்றிய கவலையும் கலந்துள்ளது. ஆதலின் விடையை விருப்பு வெறுப்பின்றி, அளவை கொண்டு காண்டல் முறையாகும்.

பழந்தமிழர் கண்ட பாகுபாடு

இயற்கை, செயற்கை என்னும் பாகுபாடு மேனாட்டு விஞ்ஞானம் வந்தபின் தோன்றியதன்று. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவர்கள் பாடாணங்களை 64 என வகுத்து, அவற்றுள் 32 பிறவிச் சரக்கு என்றும், 32 வைப்புச் சரக்கு என்றும் பெயரிட்டனர். நிலத்தில் தானே பிறந்து கிடப்பது பிறவி. சரக்குகளைக் கூட்டி வைத்து எரித்து எடுப்பது வைப்பு. இரண்டனையும் அவர்கள் மருந்துக்குக் கொண்டார்கள். இரண்டனுக்கும் சுத்தி முறை வகுத்தார்கள். பிறவி என்பதனாலேயே ஒரு சரக்கு தூயது என்று அவர்கள் கொள்ளவில்லை என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. பிறவிச் சரக்குக்கும் சுத்தி வேண்டும் என்ற அம்முடிவில் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது.

சைவ சித்தாந்த நூல்கள் ஒரு காரியம் தோன்றுதற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று காரணங்களைக் கூறும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இம்முறையைக் கொண்டு மேலை வினாவை வரையறுத்துக்கொள்ளலாம். ஒரே பொருளை மரமும் செய்கின்றது, மனிதனும் செய்கின்றான் எனின், நிமித்தம் வேறுபட்டது. நிமித்தம் வேறுபட்டமையால் மட்டுமே காரியம் வேறுபடுமா? இருவர் வனைந்த குடங்கள், மண்ணும் பதமும் ஒத்தவழி, குடம் என்ற அளவில் வேறா? இதுவே ஆராயவேண்டுவது.

களிம்பு கூறிய சான்று

உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிற் பற்றிய களிம்பை உவமை கூறுதல் சித்தாந்த மரபு. இவ்வுவமையை அறியாத சைவர் இலர். அக்களிம்பே இவ்வினாவுக்கு முதல் விடையைத் தந்தது என்பது வியத்தற்குரியது.

செம்பு காற்றும் ஈரமும் பட்டுப் பசுமை கொள்ளுமிடத்து உண்டாகும் பொருளைச் செம்புக் கார்பனேட் என்று வேதியியலார் கூறுவர். இப்பொருள் மலைகளில் மாலக்கைட் என்னும் பச்சைக் கல்லாகவும் விளைகின்றது. பிரெஞ்சு நாட்டவராகிய ஜோசப் லூயி புரூஸ்ட் என்பவர் ஸ்பெயின் நாட்டில் ஆசிரியராக இருந்தபோது, நிலத்தில் விளைந்த பச்சைக் கல்லையும், தம் ஆய்வுச்சாலையில் தாமே செய்த அதே பொருளையும் பகுத்து நிறுத்துப் பார்த்தார். இரண்டிலும் செம்பும் கரியும் ஆக்ஸிஜனும் ஒரே விகிதத்தில் நின்றன. 1799ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். மலை பல்லாயிரம் ஆண்டுகளில் ஆக்கியதும், மனிதன் ஒரு நாளில் ஆக்கியதும் நிறையளவில் இம்மியும் பிறழவில்லை. பெர்த்தொலே என்னும் பேரறிஞர் இதனை மறுத்தார். வாதம் பல ஆண்டுகள் நடந்தது. முடிவில் புரூஸ்டின் கொள்கையே நிலைபெற்றது. இன்று வேதியியலின் அடித்தளக் கற்களுள் ஒன்றாகிய மாறா விகித விதி இங்ஙனம் தோன்றியது. சாதிலிங்கமும் அவ்விதிக்கு உட்பட்டதே. அது சுரங்கத்தில் பிறப்பினும் அடுப்பில் வைப்பினும், 100 பங்கில் ஏறத்தாழ 86 பங்கு பாதரசமும் 14 பங்கு கந்தகமும் உடையது.

உயிரும் உடற்பொருளும்

கல்லுக்கும் உலோகத்துக்கும் இது பொருந்துக; உயிருள்ளவற்றில் தோன்றும் பொருள்களுக்குப் பொருந்தாது என்று அக்காலத்து அறிஞர் பலர் எண்ணினர். செடியிலும் விலங்கிலும் உள்ள பொருள்களை ஒருவகை உயிராற்றலே ஆக்குகின்றது என்பது அவர் கொள்கை. 1828ஆம் ஆண்டில் செருமனி நாட்டு பிரீட்ரிக் வோலர் என்பவர், சிறுநீரில் உள்ள யூரியா என்னும் பொருளைச் சிறுநீரகம் இன்றியே தம் கலத்தில் ஆக்கிக் காட்டினார். அக்கொள்கை தளர்ந்தது. அதன்பின் ஆயிரமாயிரம் பொருள்கள் அவ்வாறு ஆக்கப்பட்டன.

இதனைக் கேட்டுச் சமயவாதிகள் சிலர் அஞ்சினர். உயிரின் வேலையை மனிதன் செய்துவிட்டால் உயிர் என்பது இல்லையாகிவிடுமே என்பது அவர் அச்சம். சித்தாந்தம் கற்றார்க்கு இவ்வச்சம் வேண்டுவதில்லை. உடலும், உடலில் ஊறும் நீரும், மரத்தின் பிசினும், மலரின் மணமும் மாயையின் காரியங்கள், அவை சடம். உயிர் அநாதி; அது செய்பொருள் அன்று. சடமாகிய யூரியாவைச் சடமாகிய கலத்தில் ஆக்கியதனால் உயிருக்கு வந்த குறை யாதும் இல்லை. உயிரையும் உடற்பொருளையும் ஒன்றெனக் கருதி மயங்கியவர்க்கே வோலரின் செயல் இடியாயிற்று.

கருப்பூரத்தின் வரலாறு

இனி, அன்பர்கள் நாள்தோறும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சுடருக்கு முதலாகிய கருப்பூரத்தையே எடுத்துக்கொள்வது தக்கது.

கருப்பூரம் என்னும் ஒரு பெயரால் இரண்டு பொருள்கள் வழங்கிவந்துள்ளன. ஒன்று, சுமத்திரா, போர்னியோ முதலிய தீவுகளின் காடுகளில் வளரும் நெடுமரத்தின் உட்பிளவுகளில் படிகமாகக் கிடைப்பது. பல மரங்களை வீழ்த்தினும் சிலவற்றில்தான் கிடைக்கும் ஆதலின் அது அரும்பொருளாயிற்று. அதனை ஏற்றுமதி செய்த துறைகளுள் தலைசிறந்தது சுமத்திராவின் மேலைக்கரையில் உள்ள பாரூஸ். அவ்வூரை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. அதன் காலம் சகம் 1010, அஃதாவது கி.பி. 1088, சோழநாட்டில் முதற் குலோத்துங்கன் ஆண்ட காலம். கருப்பூரத் துறையில் தமிழ் வணிகர் கால்கொண்டிருந்தமைக்கு அக்கல் சான்று. தமிழ் மக்கள் பச்சைக் கருப்பூரம் என்று போற்றியது பெரும்பாலும் இதுவே. இதனைப் போர்னியோல் என வேதியியலார் கூறுவர்.

மற்றொன்று, சீனம், ஜப்பான், தைவான் ஆகிய நாடுகளில் வளரும் இலவங்க இனத்து மரத்தின் கட்டையைச் சீவி, நீராவியால் வடித்து எடுப்பது. ஏற்றும் கருப்பூரம் இவ்வகையினது. இதன் ஒரு மூலக்கூறில் 10 கரியணுக்களும் 16 ஹைட்ரஜன் அணுக்களும் 1 ஆக்ஸிஜன் அணுவும் உள்ளன. போர்னியோலில் ஹைட்ரஜன் அணுக்கள் 18. அவ்விரண்டு அணுக்களை நீக்கினால் போர்னியோல் கருப்பூரமாகிவிடும். ஆகவே பண்டைய பெயர் ஒற்றுமை வெறும் மயக்கமன்று. அவை உடன்பிறப்புப் போன்ற நெருங்கிய பொருள்கள். ஆயினும் ஒன்றல்ல.

1870ஆம் ஆண்டளவில் அமெரிக்க நாட்டில் செல்லுலாய்டு என்னும் பொருள் தோன்றியது. சீப்பு, பொத்தான், பின்னர்த் திரைப்படச் சுருள் முதலியன அதனால் செய்யப்பட்டன. அதனை ஆக்கக் கருப்பூரம் வேண்டியிருந்தது. பூசைத் தட்டில் இருந்த பொருளுக்கு உலக வாணிகம் கை நீட்டியது. தைவான் தீவைக் கைக்கொண்டிருந்த ஜப்பான் அரசு 1899இல் கருப்பூரத்தைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. விலை ஏறியது, காடுகள் அழிந்தன. மரமின்றிக் கருப்பூரம் ஆக்கும் வழியைப் பல நாட்டு அறிஞர் தேடினர். செருமனியின் ஜூலியஸ் பிரெட் 1893இல் கருப்பூர மூலக்கூறின் அமைப்பைக் கண்டார். பின்லாந்து நாட்டு குஸ்தாவ் கோம்ப்பா 1903இல் அதனை எளிய பொருள்களிலிருந்து படிப்படியாகக் கட்டிக் காட்டினார்.

ஆலைகளில் நிலைபெற்ற முறை வேறொன்று. பைன் மரத்தைக் கீறிப் பால் எடுத்து வடித்தால் டர்பன்டைன் எண்ணெய் கிடைக்கும். தமிழ்நாட்டில் கருப்பூரத் தைலம் என்ற பெயராலும் அது வழங்கியதுண்டு. அவ்வெண்ணெயில் மிகுதியாக உள்ள பைனீன் என்னும் பொருளைக் காம்ஃபீனாகவும், அதனை ஐசோபோர்னியோலாகவும் மாற்றி, முடிவில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கினால் கருப்பூரம் ஆகின்றது. இந்திய நாட்டிலும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தொழில் வேரூன்றியது. இன்று பூசைக்கு விற்கப்படும் கருப்பூரத்தில் பெரும்பகுதி இவ்வழி வந்ததே.

ஈண்டு அன்பர்கள் ஒன்றனைக் கவனித்தல் வேண்டும். கருப்பூர மரமும் தன்னுள்ளே முதலில் போர்னியோலை ஆக்கி, அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கித்தான் கருப்பூரத்தை ஆக்குகின்றது. ஆலையின் இறுதிப் படியும் அத்தகையதே. மேலும், ஆலைக் கருப்பூரமும் ஒரு மரத்தின் பாலிலிருந்தே வந்தது. செயற்கை என இகழப்படுவது மற்றொரு மரத்தின் கொடையே.

வலம்புரியும் இடம்புரியும்

அங்ஙனமாயின் இரண்டும் முற்றும் ஒன்றுதானா எனின், ஒரு வேற்றுமை உண்டு. அதனை மறைத்தல் உண்மைக்கு மாறாகும்.

சங்காபிடேகத்தில் அன்பர்கள் சங்குகளைக் கண்டிருப்பார்கள். சுண்ணப் பொருளாலும் வடிவாலும் நிறத்தாலும் ஒத்த இரு சங்குகளுள், ஒன்று இடமாகச் சுழித்தது, ஒன்று வலமாகச் சுழித்தது. எவ்வாறு திருப்பி வைத்தாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இத்தகைய இணைகள் உள்ளன. 1848ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், டார்டாரிக் அமிலத்தின் ஓர் உப்பிலிருந்த படிகங்களை உருப்பெருக்கியின் உதவியால் வலம் வேறு, இடம் வேறாகக் கையால் பொறுக்கிப் பிரித்து இவ்வுண்மையை நிலைநாட்டினார். ஒருமுகப்படுத்திய ஒளி ஒன்றன் ஊடே செல்லும்போது வலப்புறம் திரும்பும். மற்றொன்றன் ஊடே செல்லும்போது அதே அளவு இடப்புறம் திரும்பும்.

இலவங்க இனத்து மரம் தரும் கருப்பூரம் ஒளியை வலப்புறம் திருப்புவது. அது முற்றும் வலம்புரி எனலாம். டர்பன்டைன் வழி வந்த ஆலைக் கருப்பூரத்தில் பொதுவாக வலமும் இடமும் பாதிப்பாதியாகக் கலந்திருப்பதால், ஒளி எப்புறமும் திரும்பாது. மரத்தினுள் கருப்பூரத்தை ஆக்கும் நொதிகள் தாமே ஒருபுறச் சுழிப்பு உடையவை. ஆதலின் அவை ஒருபுறப் பொருளையே ஆக்குகின்றன. ஆலையில் பயன்படும் அமிலத்துக்கு அச்சுழிப்பு இல்லை. ஆதலின் இரண்டும் விளைகின்றன. சித்தாந்த முறையில் கூறின், இவ்வேற்றுமை நிமித்தகாரணத்தால் வந்ததன்று, துணைக்காரணத்தால் வந்தது.

துணைக்காரணத்தை மாற்றினால் இவ்வேற்றுமையும் மாறுமா எனின், மாறும். புதினா இனத்திலிருந்து வரும் மெந்தால் என்னும் குளிர்பொருள் ஒருபுறச் சுழிப்பு உடையது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பான் நாட்டு ரியோஜி நொயோரியும் அவர் துணைவர்களும் கண்ட முறையால், அதே சுழிப்புடைய மெந்தாலை ஆலையிலேயே ஆக்க இயன்றது. அதற்கும் முதற்பொருள் டர்பன்டைன் எண்ணெயிலிருந்தே பெறப்பட்டது. 2001ஆம் ஆண்டில் நொயோரிக்கு நோபல் பரிசு கிட்டியது. மறுதலையாக, இடம் திருப்பும் கருப்பூரத்தை ஆக்கும் செடிகளும் இயற்கையில் உள்ளன. ஆகவே வலம் என்பது இயற்கையின் முத்திரையும் அன்று. இடம் என்பது செயற்கையின் குற்றமும் அன்று.

இச்சுழிப்பால் பயன் வேறுபடுமா? சில பொருள்களில் மிக வேறுபடும். கார்வோன் என்னும் பொருளின் ஒரு சுழிப்பு புதினா மணம் தருகின்றது. மறு சுழிப்பு சதகுப்பையின் மணம் தருகின்றது. மூக்கின் உள்ளே மணத்தை ஏற்கும் உறுப்புகளும் சுழிப்புடையனவாதலே காரணம். மருந்துகளிலும் இதனால் பெரும் வேற்றுமை விளைதல் உண்டு. கருப்பூரத்திலோ மணத்தில் அத்தகைய பெரும் வேற்றுமை இல்லை. எரியும்போது இரண்டும் ஒன்றாகவே எரிகின்றன. தீக்கு வலமும் இல்லை, இடமும் இல்லை.

உடன்வரும் பொருள்கள்

இரண்டாவது வேற்றுமை, உடன்வரும் பொருள்களால் ஆவது. நெல்லோடு உமி வருவது போல, மரத்திலிருந்து எடுத்த எப்பொருளும் தனித்து வருவதில்லை. கருப்பூர மரத்தை வடிக்கும்போது கருப்பூரத்தோடு எண்ணெயும் வருகின்றது. அவ்வெண்ணெயின் ஒரு பகுதியில் சஃப்ரோல் என்னும் பொருள் மிகுந்துள்ளது. விலங்குகளுக்கு அது புற்றுநோய் விளைத்ததைக் கண்டு, அமெரிக்க அரசு 1960ஆம் ஆண்டில் அதனை உணவிற் சேர்த்தலைத் தடுத்தது. மரத்தில் விளைந்தது என்பதனாலேயே அது தீங்கற்றதாகிவிடவில்லை. ஆலைக் கருப்பூரத்திலும் முற்றும் மாறாத இடைப்பொருள்கள் தங்குதல் கூடும். எனவே இரண்டிலும் கேட்கவேண்டிய கேள்வி, எங்கே பிறந்தது என்பதன்று. எவ்வளவு தூயது, உடன் இருப்பது யாது என்பதே.

சில இடங்களில் உடன்வரும் பொருள்களே சிறப்பாதலும் உண்டு. வனிலாக் காயின் மணத்துக்குத் தலைமையான வனிலின் என்னும் பொருள் 1874ஆம் ஆண்டிலேயே ஆய்வுச்சாலையில் ஆக்கப்பட்டது. ஆயினும் காயின் மணம் வனிலின் மணத்தினும் நிறைவானது. ஏனெனில் காயில் வேறு பல மணப்பொருள்கள் உடன் உள்ளன. காயில் உள்ள வனிலினும் கலத்தில் ஆக்கிய வனிலினும் ஒன்றே. காயும் வனிலினும் ஒன்றல்ல. தனிப்பொருளையும் கூட்டுப்பொருளையும் ஒப்பிட்டுவிட்டு, அவ்வேற்றுமையை இயற்கைக்கும் செயற்கைக்கும் உரிய வேற்றுமை என்று மயங்குவார் பலர்.

மருந்திலும் இவ்வாறே. சர்ப்பகந்தி வேரில் பல பொருள்கள் உள்ளன. அவற்றுள் ரெசர்பின் என்பது 1952இல் தனியே பிரிக்கப்பட்டது. 1956இல் அமெரிக்க அறிஞர் உட்வர்டு அதனைக் கலத்தில் ஆக்கினார். குருதியழுத்த நோய்க்கு அது பயன்பட்டது. வேரில் அதன் அளவு செடிக்குச் செடி வேறுபடும். பிரித்தெடுத்ததை நிறுத்துக் கொடுக்கலாம். வேர் வேறு, ரெசர்பின் வேறு. ஆனால் வேரில் உள்ள ரெசர்பினும் கலத்தில் ஆக்கிய அதே சுழிப்புடைய ரெசர்பினும் வேறல்ல.

போலி என்பது வேறு

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அதுவே உண்மையில் அஞ்சத்தக்கது. சந்தன எண்ணெயின் மணத்துக்குச் சாண்டலால் என்னும் பொருள்கள் காரணம். கடைகளில் சந்தன மணம் என விற்கப்படுவனவற்றுள் பலவற்றில் சாண்டலால் துளியும் இராது. மூக்குக்குச் சந்தனம் போலத் தோன்றும் வேறு பொருள் இருக்கும். அவற்றுள் ஒன்று, மேலே கூறிய காம்ஃபீனிலிருந்தே செய்யப்படுவது! மஞ்சளோடு சுண்ணம் முதலிய காரப்பொருள் சேரச் செம்மை பெறுவது மரபுவழிக் குங்குமம். சாயப்பொடியை ஏற்றிய வெண்மாவைக் குங்குமம் என்று விற்பாரும் உளர். அதனால் நெற்றித் தோல் புண்படுதலும் உண்டு.

இவை செயற்கை அல்ல, போலி. அதே பொருளை வேறு வழியில் ஆக்குதல் வைப்பு. வேறு பொருளுக்கு அதன் பெயரைச் சூட்டுதல் பொய். முன்னது அறிவின் செயல். பின்னது வஞ்சத்தின் செயல். இவ்விரண்டனையும் செயற்கை என்னும் ஒரே சொல்லால் வழங்குவதனாலேயே மக்கள் வைப்பைக் கண்டு அஞ்சி, போலியிடம் ஏமாறுகின்றனர். மரக் கருப்பூரம் என்று எழுதி ஆலைக் கருப்பூரத்தை ஐந்து மடங்கு விலைக்கு விற்பவனும் போலியையே விற்கின்றான்; பொருள் போலியன்று, பெயர் போலி.

திருக்கோயிலில் கொள்ளத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிவு இது: ஒரு பொருளின் மூலக்கூறு தான் பிறந்த இடத்தை நினைவிற் கொண்டிருப்பதில்லை. பொருள் ஒன்றாயின், சுழிப்பு ஒன்றாயின், தூய்மை ஒன்றாயின், பிறவியும் வைப்பும் ஒன்றே. வேற்றுமை காணப்படுமிடத்து அது சுழிப்பாலோ, உடன்வருவனவற்றாலோ, போலியாலோ ஆகியதாகும்.

இம்முடிவால் கட்டளைதாரர்களுக்கும் திருக்கோயிற் பணியாளர்களுக்கும் விளையும் பயன்கள் சில உள.

முதலாவது: ஆலைக் கருப்பூரம் பூசைக்கு ஆகாது என ஐயுற வேண்டுவதில்லை. தூய கருப்பூரம் எதுவாயினும் எரிந்தபின் சாம்பலோ மெழுகோ எஞ்சாது. தட்டில் ஏதேனும் எஞ்சுமாயின் கலப்பு உண்டென்று அறிந்து, அதனை விற்றவனிடம் திருப்பித் தருக.

இரண்டாவது: மரக் கருப்பூரம் எரிந்தால் புகையாது என்று கூறுவதை நம்பவேண்டா. கருப்பூரத்தில் 100 பங்கில் ஏறத்தாழ 79 பங்கு கரி. அதற்கு வேண்டும் காற்று உடனுக்குடன் கிட்டாமையால், எவ்வகைக் கருப்பூரமும் கரும்புகை விடும். அப்புகை கருவறைச் சுவரிலும் பழஞ்சித்திரங்களிலும் படிந்து கெடுக்கும். உள்ளே நின்று பணி செய்யும் சிவாசாரியர் மூச்சிலும் சேரும். பல திருக்கோயில்களில் கருவறையுள் நெய்விளக்கே காட்டுதல் இது கருதியே. பல இலக்கம் செலவில் புதுப்பித்த திருக்கோயிலைப் புகையால் மீண்டும் பழுதாக்காமை திருப்பணியின் ஒரு பகுதியே யாகும்.

மூன்றாவதே தலையாயது. ஏற்றும் கருப்பூரம் உண்ணும் பொருள் அன்று. பச்சைக் கருப்பூரம் என்ற பெயர் இன்று வெவ்வேறு பொருள்களுக்கு வழங்குகின்றது. ஏற்றும் வில்லையையே பொடித்துத் தீர்த்தத்திலும் பொங்கலிலும் இடுவாரும் உளர். கருப்பூரம் மூளையைத் தாக்கி வலிப்பு உண்டாக்கும் இயல்பினது. சிறு குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். அமெரிக்க அரசு 1983ஆம் ஆண்டில், மேற்பூச்சு மருந்துகளிலும் கருப்பூரம் 100க்கு 11 பங்குக்கு மேற்படலாகாது என விதித்தமை இதனாற்றான். மரத்தில் விளைந்ததாயினும் ஆலையில் விளைந்ததாயினும் இந்நச்சு இயல்பு ஒன்றே. இயற்கையானது என்று எண்ணிக் கைக்குழந்தையின் நாவில் இடுதல் பெருந்தீங்கு. கருப்பூரப் பெட்டி குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். தீர்த்தத்துக்கு ஏலம், துளசி முதலியன போதும். பச்சைக் கருப்பூரம் இடுவதே மரபாயின், உணவுக்குரியதென உறுதிசெய்யப்பட்டதை, மணம் மட்டும் தோன்றும் சிறுதுகளாகவே இடுக.

நிறைவாக ஒன்று. செம்பைச் சுரங்கத்திலிருந்து எடுத்தாலும், பழங்கலத்தை உருக்கி எடுத்தாலும் செம்பு செம்பே, நீக்கவேண்டியது களிம்பு. அதுபோல் பொருளிலும் பிறப்பை வினவுதலினும் கலப்பை வினவுதல் நன்று. அது வழிபடுவோனுக்கும் ஒக்கும். இறைவன் திருமுன் ஏந்தப்படும் சுடர் எம்மரத்தின் பாலில் பிறந்தது என்பதனால் ஏற்றம் பெறுவதில்லை. வாங்கியவன் பொய்யின்றி வாங்கினானா, விற்றவன் பொய்யின்றி விற்றானா, ஏற்றியவன் தன்னை ஒளியாது ஏற்றினானா என்பவற்றால் ஏற்றம் பெறுகின்றது. கருப்பூரம் தன்னைச் சிறிதும் மிச்சம் வையாது ஒளியில் ஒடுங்குகின்றது. அவ்வாறு மிச்சமின்றி ஒடுங்குதற்குக் கருப்பூரத்துக்குத் தூய்மை ஒன்றே தகுதியாயிற்று.

இத்திருப்பணிக்குப் பொருள் தந்தோரும், உடல் உழைத்தோரும், ஊர் மக்களும், இவ்விழாவைக் காண வந்த அடியார்களும் எல்லா நலங்களும் பெற்று வாழ இறைவன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.